முட்டுக் கொடுத்த மரங்கள் – ஜப்பானில் ஒரு பழைய தோட்டம்

2024 புத்தாண்டு தினத்தன்று ஜப்பானில் நோட்டோ தீபகற்பத்தில் பெரிய நிலநடுக்கம் வந்தது நினைவிருக்கும். தொலைக்காட்சியில் இஷிகாவா மாநிலம் என்று சொன்னதும் என் மனைவி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "ஏங்க, நாம போன ஊருதானே அது? அந்தப் பெரிய மரத்துக்கு ஒண்ணும் ஆகியிருக்காதே?" என்று கேட்டாள்.

மகளுக்குப் போன் போட்டோம். அவர்கள் இருப்பது டோக்கியோ பக்கம், அங்கே பயமில்லை என்றாள். நாங்கள் போன கனசாவா ஊரில் கோட்டை மதில் கற்கள் சில இடங்களில் சரிந்துவிட்டன, ஆனால் தோட்டத்துப் பெரிய மரம் நிற்கிறது என்று மறுநாள் விசாரித்துச் சொன்னாள். அன்று இரவு 2018-ஆம் வருடத்து நாட்குறிப்பை எடுத்துப் புரட்டினேன். அந்தத் தோட்டத்தைப் பற்றி எழுதுகிறேன் என்று நண்பர்கள் சிலரிடம் சொல்லி ஐந்து வருடமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். தள்ளிப்போட்டதற்குக் காரணம் சோம்பல் மட்டுமல்ல. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2018 அக்டோபரில் நானும் மனைவியும் மகள் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் இருந்தோம். ஒருநாள் மகள் எங்களை டோக்கியோ பல்கலைக்கழகத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே அக்காமோன் என்று ஒரு சிவப்பு வாசல் இருக்கிறது. 1827-இல் கட்டியது. பல்கலைக்கழகத்துக்காகக் கட்டியதல்ல. ஷோகுன், அதாவது நாட்டை உண்மையில் ஆண்ட படைத்தலைவர், தன் மகளை மாயெதா என்ற பிரபுக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தபோது, மணப்பெண்ணை வரவேற்க மாப்பிள்ளை வீட்டார் எழுப்பிய வாசல் அது. பல்கலைக்கழகம் இருக்கும் அந்த இடமே ஒரு காலத்தில் மாயெதாக்களின் டோக்கியோ மாளிகை. உள்ளே ஒரு குளம்கூட மிச்சமிருக்கிறது.

"இது அவங்க வெளியூர் வீடுதாம்பா. சொந்த ஊர் கனசாவா. அங்கே அவங்க போட்ட தோட்டம் இருக்கு, பார்க்கலாமா?" என்றாள் மகள்.

வெளியூரில் எதற்கு இவ்வளவு பெரிய வீடு என்று கேட்டேன். அதில் ஒரு வரலாறு இருக்கிறது. தொக்குகாவா ஷோகுன்கள் ஆண்ட காலத்தில் ஒவ்வொரு பிரபுவும் ஒரு வருடம் தலைநகரான எதோவில் (இன்றைய டோக்கியோ) இருக்க வேண்டும், மறு வருடம் சொந்த ஊரில் இருக்கலாம். ஊருக்குப் போகும்போது மனைவியையும் வாரிசையும் தலைநகரிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். மரியாதையாகச் சொன்னால் குடியிருப்பு, உள்ளபடி சொன்னால் பிணை. இப்படிப் போவதும் வருவதுமாகவே பிரபுக்களின் கஜானா கரைந்தது. கலகம் செய்யப் பணமும் இருக்காது, தைரியமும் இருக்காது. நிர்வாகம் தெரிந்தவர்கள் போட்ட விதி என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் நடுவில் ஒருநாள் காலை அதிவேக ரயிலில் ஏறினோம். இரண்டரை மணி நேரத்தில் கனசாவா. 2015-இல்தான் இந்த ரயில் அந்த ஊருக்கு வந்ததாம். மனைவி எலுமிச்சம்பழச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டி எடுத்து வந்திருந்தாள். அதனால் சாப்பாட்டுக் கவலை இல்லை.

தோட்டத்தின் பெயர் கென்ரோக்குஎன். நுழைவுக் கட்டணம் அப்போது 310 யென். 65 வயது தாண்டியவர்களுக்குக் கட்டணமில்லை, பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். வயதானதற்கு ஒரு லாபம் என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனோம்.

இனி கொஞ்சம் சரித்திரம்.

கனசாவா, காகா என்ற நாட்டின் தலைநகர். அந்தக் காலத்து ஜப்பானில் ஒரு பிரபுவின் செல்வத்தை நிலத்தை வைத்து அளக்கவில்லை, நெல்லை வைத்து அளந்தார்கள். ஒரு ஆள் ஒரு வருடம் சாப்பிடும் அரிசி ஒரு கோகு, சுமார் 150 கிலோ. காகா நாட்டின் அளவு பத்து லட்சம் கோகுவுக்கும் மேல். ஷோகுன் குடும்பத்தை விட்டால் அவ்வளவு பெரிய சொத்து வேறு எந்தப் பிரபுவுக்கும் இல்லை. அதுவே அவர்களுக்குத் தலைவலியும் ஆயிற்று. இரண்டாவது பெரிய பணக்காரன் மேல் முதல் பணக்காரனுக்கு எப்போதும் ஒரு கண் இருக்குமல்லவா? அதனால் மாயெதாக்கள் வாளில் செலவு செய்வதைக் குறைத்து, நூலிலும் நாடகத்திலும் தேநீர்க் கலையிலும் தோட்டத்திலும் செலவு செய்தார்கள். மூன்றாம் பிரபு தோஷிட்சுனே, தன்னை அசடு என்று நினைக்கட்டும் என்று மூக்கு மயிரை வெட்டாமல் நீளமாக வளர்த்துக்கொண்டு திரிந்தார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, நிலைமை அப்படி.

தோட்டத்தை ஆரம்பித்தவர் ஐந்தாம் பிரபு ட்சுனனோரி. 1676-இல் கோட்டைக்கு எதிர்ச் சரிவில் ஒரு மாளிகையைக் கட்டிச் சுற்றித் தோட்டம் போட்டார். இந்த ஆண்டுக் கணக்கைப் பார்த்ததும் எனக்குப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்துவிட்டது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். எங்களுக்குச் சோழனைச் சொல்லிக் கொடுக்கும் முன்பே பதினான்காம் லூயியைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அவர் 1643-இல் நாலரை வயதுக் குழந்தையாகப் பட்டத்துக்கு வந்து 72 வருடம் ஆண்டார். ட்சுனனோரி அதே 1643-இல் பிறந்து, 1645-இல் பால் மணம் மாறாத குழந்தையாகப் பிரபுவாகி, 1723 வரை 78 வருடம் அந்தப் பதவியில் இருந்தார். உலகத்தின் இரண்டு மூலையில் இரண்டு குழந்தைகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நாற்காலியில் ஏறி, இரண்டு பேரும் பெரிய தோட்டம் போட்டார்கள். இந்தத் தோட்டம் தொடங்குவதற்கு இரண்டு வருடம் முன்புதான், 1674-இல், பிரான்சுவா மர்த்தேன் நம் ஊர்க் கடற்கரையில் வந்து கம்பெனி வேலையைத் தொடங்கினார் என்பதையும் சேர்த்துக்கொண்டால், காலம் எது என்று மனதில் நிற்கும்.

ட்சுனனோரிக்குப் புத்தகப் பைத்தியம். அக்காலத்துப் பெரிய அறிஞர் அராய் ஹாகுசெக்கி, காகா நாட்டை நாட்டுக்கே நூலகம் என்று புகழ்ந்தார் என்பார்கள். பஞ்சத்தில் அடிபட்டு வந்த ஏழைகள் தங்குவதற்கு 1670-லேயே விடுதி அமைத்தவரும் அவர்தான். தோட்டத்தைச் சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் தோட்டத்துக்கு ஆன செலவெல்லாம் உழவர்கள் அளந்த நெல்தான்.

அவர் போட்ட தோட்டம் 1759-இல் ஊரே எரிந்த தீயில் அழிந்தது. பதினோராம் பிரபு ஹருனாகா 1774-இல் திரும்பச் சீர்செய்தார். அப்போது கட்டிய யூகாவோதெய் என்ற சிறு தேநீர்க்குடில் இன்றும் இருக்கிறது. தோட்டத்துக்குள் இருக்கும் கட்டடங்களில் அதுதான் மூத்தது. எதிரே ஆறரை மீட்டர் உயரத்தில் ஒரு அருவி விழுகிறது. அதுவும் மனிதன் செய்ததுதான், ஆனால் பார்த்தால் அப்படித் தெரியாது. பன்னிரண்டாம் பிரபு நரிநாகா 1822-இல் ஓய்வுபெற்றபோது, தனக்காக மிகப் பெரிய மாளிகை ஒன்றை அங்கே கட்டிக்கொண்டார். இரண்டே வருடத்தில் காலமானார். மகன் நரியாசு அந்த மாளிகையைப் பிரித்துவிட்டு, அந்த இடத்தையும் சேர்த்துக் குளத்தை அகலப்படுத்தினார். சிவப்பு வாசல் மாப்பிள்ளை இவர்தான். இப்படி ஐந்தாம் தலைமுறை தொடங்கி, பதின்மூன்றாம் தலைமுறை முடித்த வேலை அது.

கென்ரோக்குஎன் என்றால் ஆறு குணமும் சேர்ந்த தோட்டம் என்று பொருள். 1822-இல் இந்தப் பெயரைத் தேர்ந்தவர் முன்னாள் முதன்மை அமைச்சர் மட்சுதாய்ரா சாதாநோபு. எடுத்தது சீனத்துப் பழைய நூல் ஒன்றிலிருந்து. லோயாங் நகரத்துத் தோட்டங்களைப் பற்றி லி கெஃபெய் என்ற சுங் காலத்து அறிஞர் எழுதியது. அந்த ஆறு குணங்கள்: பரப்பு, ஒதுக்கம், மனித உழைப்பு, பழமை, நீர்வளம், தூரக்காட்சி. இதை இரண்டிரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இடம் பரந்து கிடந்தால் ஒதுக்கமான அமைதி இருக்காது. மனிதன் கைவைத்தது தெரிந்தால் பழமை இருக்காது. தண்ணீர் பள்ளத்தில் நிற்கும், தூரக்காட்சியோ மேட்டில்தான் கிடைக்கும். ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாத ஆறையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் பெருமை. மேட்டின் மேல் குளம் வெட்டியிருக்கிறார்கள். குளத்தங்கரையிலிருந்து பார்த்தால் தூரத்து மலைகள் தெரிகின்றன.

நடந்து பார்க்கும் தோட்டம் என்பது தனி வகை. மடங்களில் மணலும் கல்லும் வைத்து, திண்ணையில் உட்கார்ந்து பார்க்கும் தோட்டங்கள் வேறு. இது குளத்தைச் சுற்றிப் பாதை போட்டது. பாதை நேராகப் போகாது. ஒரு திருப்பத்தில் குளம் தெரியும், அடுத்த அடியில் ஒரு மேடு அதை மறைத்துவிடும், இன்னும் பத்து அடியில் பாலத்தோடு சேர்ந்து வேறு குளம்போல் தெரியும். எங்கள் பாடப் புத்தகத்தில் வெர்சாய் தோட்டத்தின் படம் போட்டிருக்கும். லெ நோத்ர் கோடு கிழித்த தோட்டம். அரசர் ஜன்னலில் நின்றால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரே பார்வையில் விழும். ராஜா நிற்கிற இடம்தான் அங்கே நடுமையம். இங்கே அப்படி ஒரு இடமே இல்லை. எல்லோரும் நடக்க வேண்டும், பிரபுவானாலும் நடக்க வேண்டும். முட்டிவலிக்காரியான என் மனைவிக்குத்தான் அது கொஞ்சம் கஷ்டம். ஆனால் திருப்பத்துக்குத் திருப்பம் பெஞ்சு போட்டிருந்தார்கள்.

குளத்தின் பெயர் கசுமிகாயிகே, மூடுபனிக் குளம். கரையில் இரண்டு கால் கல்விளக்கு ஒன்று நிற்கிறது. ஒரு கால் தண்ணீரில், இன்னொரு கால் குட்டையாக ஒரு கல்லின் மேல். கோத்தோ என்ற இசைக்கருவியில் நரம்பைத் தாங்கும் குதிரைபோல் இருப்பதால் கோத்தோஜி விளக்கு என்று பெயர். கனசாவா என்றாலே இந்த விளக்கின் படத்தைத்தான் போடுகிறார்கள். படம் எடுக்க வரிசை நின்றது. நாங்களும் நின்றோம்.

எனக்கு அதைவிட ஆச்சரியம் தண்ணீர் எப்படி அந்த மேட்டுக்கு வந்தது என்பதுதான். 1631-இல் ஊரில் பெரும் தீ, கோட்டையும் எரிந்தது. தண்ணீர் இருந்தால் அணைத்திருக்கலாம். மறு வருடம் 1632-இல், மூக்கு மயிர்ப் பிரபு தோஷிட்சுனே ஒரு கால்வாய்க்கு உத்தரவிட்டார். கொமாட்சு ஊரைச் சேர்ந்த இதாயா ஹெய்ஷிரோ என்பவர் அதைச் செய்தார். சாய் ஆற்றின் மேல்பகுதியில் தண்ணீரைப் பிடித்து, சுமார் 11 கிலோமீட்டர் தூரம், பல இடங்களில் மலையைக் குடைந்து, ஓரே சீரான சாய்வில் ஊருக்குக் கொண்டுவந்தார். ஒரு வருடத்துக்குள் வேலை முடிந்தது. இந்த மேட்டுக்கும் கோட்டைக்கும் நடுவே அகழிப் பள்ளம் ஒன்று இருந்தது, இப்போது அதில் சாலை ஓடுகிறது. தண்ணீரைக் குழாயில் இறக்கி, அந்தப் பள்ளத்தைத் தாண்டி, மறுபுறம் தானாகவே மேலேற வைத்தார்கள். இந்தப் பக்கத்து நீர்மட்டம் அந்தப் பக்கத்தைவிட உயரமாக இருந்தால் போதும், தண்ணீர் ஏறிவிடும். முதலில் மரக்குழாய், பின்னால் கல்குழாய். தோட்டத்துக் குளம், அருவி, ஓடை எல்லாமே அந்தக் கால்வாயின் பிள்ளைகள். தண்ணீர் முதலில் வந்து, தோட்டம் 44 வருடம் கழித்து வந்தது.

வெர்சாயில் நேர்மாறாக நடந்தது. தோட்டத்தைப் போட்டுவிட்டுத் தண்ணீருக்கு அலைந்தார்கள். சேன் நதியில் 14 பெரிய சக்கரம் வைத்து, 1684-இல் மார்லி இயந்திரத்தை ஓட்டியும் போதவில்லை. அரசர் நடந்து வரும்போது விசில் அடிப்பார்கள், அந்தப் பக்கத்து நீரூற்றை மட்டும் திறப்பார்கள், அவர் கடந்ததும் மூடிவிடுவார்கள். கென்ரோக்குஎன்னிலும் ஒரு நீரூற்று இருக்கிறது. 1861-இல் அமைத்தது, ஜப்பானிலேயே பழையது என்கிறார்கள். மோட்டார் கிடையாது, சக்கரம் கிடையாது. மேலே இருக்கும் மூடுபனிக் குளத்திலிருந்து வரும் நீரின் அழுத்தத்திலேயே மூன்றரை மீட்டர் எழுகிறது. மேல்குளத்தில் நீர் ஏறினால் ஊற்றும் ஏறும், இறங்கினால் இறங்கும். விசில் அடிக்க ஆள் வேண்டாம்.

கால்வாய் முடிந்ததும் ரகசியம் வெளியே போகக்கூடாது என்று இதாயாவைக் கொன்றுவிட்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. கதைதான். பெரிய வேலை செய்தவனுக்கு இப்படி ஒரு கதை எல்லா ஊரிலும் கட்டிவிடுவார்கள். அவரைத் தெய்வமாக வைத்து ஒரு சின்னக் கோயில் இருக்கிறது என்பது மட்டும் உண்மை. கோப்பில் பிரபுவின் பெயர்தான் முதலில் இருக்கும். வேலை செய்தவன் பெயர் தப்பிப் பிழைத்து வந்ததே பெரிய விஷயம் என்று குமாஸ்தாவாக இருந்த எனக்குத் தோன்றியது.

1871-இல் பிரபுக்கள் ஆட்சி முடிந்தது. 1874 மே 7 அன்று தோட்டத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதுவரை உழவன் மகன் எட்டிப் பார்க்க முடியாத இடம். நூறு வருடம் கட்டணமே இல்லாமல் இருந்தது. கூட்டம் தாங்காமல் 1976-இல்தான் கட்டணம் வைத்தார்கள். உள்ளே 1880-இல் வைத்த ஒரு வெண்கலச் சிலையும் உண்டு, யமாத்தோ தக்கேரு என்ற புராண வீரனுடையது. அதன் மேல் புறாக்கள் உட்காருவதில்லை. ஏன் என்று ஆராய்ந்த கனசாவாப் பேராசிரியர் ஒருவர், உலோகத்தில் கலந்திருக்கும் ஆர்சனிக் காரணம் என்று கண்டுபிடித்து, 2003-இல் வேடிக்கைக்காகத் தரும் இக் நோபல் பரிசை வாங்கினார். நம் கடற்கரையில் காந்தி தலையிலும் தூப்ளே தலையிலும் காக்காய் படுத்தும் பாட்டை நினைத்துக்கொண்டேன்.

இப்போது மரத்துக்கு வருகிறேன்.

மூடுபனிக் குளத்தங்கரையில் கராசாக்கி பைன் என்று ஒரு மரம். பிவா ஏரிக்கரையில் கராசாக்கி என்னும் ஊரில் புகழ்பெற்ற பைன் மரம் ஒன்று இருந்தது. பதின்மூன்றாம் பிரபு நரியாசு அதன் விதையை வரவழைத்து இங்கே முளைக்க வைத்தார். அந்த விதைதான் இன்று தண்ணீரின் மேல் கிளை கிளையாகப் படர்ந்து நிற்கிறது. அந்தப் பிரதேசத்தில் விழும் பனி ஈரமும் கனமுமானது. கிளையில் தங்கினால் முறித்துவிடும். அதனால் ஒவ்வொரு வருடமும் நவம்பர் 1-ஆம் தேதி, நமக்கு விடுதலை நாளான அன்று, அங்கே யுகிசுரி என்ற வேலை தொடங்குகிறது. பனித்தொங்கல் என்று சொல்லலாம். மரத்துக்கு நடுவே உயரமான கம்பம் நட்டு, உச்சியிலிருந்து வைக்கோல் கயிறுகளை இறக்கி, கிளை ஒவ்வொன்றையும் தூக்கிக் கட்டுகிறார்கள். முதலில் கட்டுவது இந்தக் கராசாக்கி மரத்தைத்தான். இதற்கு மட்டும் ஐந்து கம்பம், சுமார் 800 கயிறு. மார்ச் நடுவில் அவிழ்த்துவிடுவார்கள். அடுத்த நவம்பரில் திரும்பவும்.

நாங்கள் போனபோது இந்த மரத்துக்குக் கட்டி முடித்துவிட்டு, பக்கத்து மரங்களில் வேலை நடந்துகொண்டிருந்தது. நீலச் சட்டை போட்ட ஆட்கள் ஏணியில் நின்று ஒரு வார்த்தை பேசாமல் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்க, என் மனைவி மட்டும் கீழே பார்த்தாள்.

"ஏங்க, மரத்துக்குக் கால் வச்சிருக்காங்க பாருங்க."

அப்போதுதான் கவனித்தேன். தாழ்ந்து போன ஒவ்வொரு கிளைக்கும் அடியில் மரக்கழி முட்டு. கிளை நோகாமல் இருக்க நடுவே பட்டை வைத்துக் கட்டியிருந்தது. ஒன்று இரண்டு அல்ல. தண்ணீருக்குள் நிற்பவைகூட இருந்தன. இதற்கு என்ன பேர் என்று மகளைக் கேட்டேன். பக்கத்தில் நின்ற வேலையாளிடம் கேட்டுச் சொன்னாள். ஹோசுவே. கன்னத்துக்குக் கொடுக்கும் ஊன்றுகோல் என்று பொருள். கன்னத்தில் கை வைத்து உட்காருவதற்கும் அதே வார்த்தைதானாம்.

"கன்னத்துல கை வைக்காதேன்னு நம்ம வீட்ல திட்டுவோம். இவங்க மரத்துக்கே வச்சு விட்டிருக்காங்க" என்று சிரித்தாள் மனைவி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன். காலையிலிருந்து நடக்கிறேனே, களைப்பு என்று நினைத்து மகள் தேநீர் வாங்கப் போனாள். அவள் போன பிறகு மனைவியிடம் ஒரு விஷயத்தைச் சொன்னேன். 47 வருடமாக யாரிடமும் சொல்லாதது.

1971. நான் வேலைக்குச் சேர்ந்து நாலு வருடம். எங்கள் அலுவலக வளாகத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருந்தது. அதன் நிழலில்தான் மனு கொடுக்க வரும் ஜனங்கள் உட்காருவார்கள். அதன் ஒரு கிளை பதிவறைக் கூரைப் பக்கம் தாழ்ந்து வந்திருந்தது. அதைப் பற்றிக் குறிப்பு எழுதும்படி கோப்பு என்னிடம் வந்தது. கட்டட மேஸ்திரி ஒருவர் வந்து பார்த்தார். "ரெண்டு கழி முட்டுக் குடுத்தாப் போதும் தம்பி. இன்னும் முப்பது வருஷம் நிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குறிப்பை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நான் படித்ததெல்லாம் பிரெஞ்சு. முட்டுக் கொடுப்பது என்பதற்குப் பிரெஞ்சில் எத்தையே என்ற வார்த்தை எனக்குத் தெரியும். தமிழில் தெரியும். ஆங்கிலத்தில் தெரியாது. பக்கத்து மேசையில் கேட்டிருக்கலாம். ஆனால் முந்தின மாதம்தான் நான் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரியைப் பிரிவு முழுவதும் சத்தமாகப் படித்துச் சிரித்திருந்தார்கள். கேட்க வெட்கமாக இருந்தது. அலமாரியில் பழைய மரக் கோப்பு ஒன்று இருந்தது. எடுத்து அதில் இருந்த வரியை அப்படியே பார்த்து எழுதினேன். உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்தானது, வெட்டி அகற்றலாம் என்பதுதான் அதன் பொருள். அந்தப் பழைய கோப்பு ஒரு முழு மரத்தைப் பற்றியது. எங்களுடையது ஒரு கிளையைப் பற்றியது. நான் மரம் என்றே எழுதிவிட்டேன்.

குறிப்பு மேலே போயிற்று. ஒவ்வொரு மேசையிலும் ஒரு கையெழுத்து விழுந்தது. ஒருவரும் வெளியே வந்து மரத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் பார்த்தது என் வரியைத்தான். உத்தரவு வந்தது, ஏலம் விட்டார்கள், கோடாலியோடு ஆட்கள் வந்தார்கள். இரண்டு நாள் வெட்டினார்கள். மாலையில் மேஸ்திரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன தம்பி, முட்டுன்னுதானே சொன்னேன்?"

"மேலிடத்து உத்தரவுங்க" என்றேன்.

வரி எழுதினது தெரியாமல் செய்த தப்பு. இந்தப் பதில் தெரிந்தே சொன்ன பொய். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். பிறகு அந்த இடத்தில் தகரக் கூரை போட்டு சைக்கிள் நிறுத்த வைத்தார்கள். மனு கொடுக்க வந்த ஜனங்கள் வெயிலில் நின்றார்கள். நான் ஓய்வு பெறும் வரை வேறு வேறு அலுவலகங்களில் எத்தனையோ கோப்புகள் பார்த்தேன். 1980 வாக்கில் வேறு ஏதோ ஒரு கட்டடக் கோப்பில் அந்த ஆங்கில வார்த்தை என் கண்ணில் பட்டது. ப்ராப். நாலே எழுத்து. அன்று மத்தியானம் சாப்பிட முடியவில்லை.

மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். குளத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "ஒரு வார்த்தை யாரையாவது கேட்டிருக்கலாம் இல்ல" என்றாள். அவ்வளவுதான். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாததும் நல்லதுதான்.

மகள் தேநீரோடு வந்தாள். ஏணிக்காரர் அடுத்த மரத்துக்கு மாறியிருந்தார். அந்தத் தோட்டத்தில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் இருக்கின்றன என்று அவள் பலகையில் இருந்ததைப் படித்துச் சொன்னாள். ஆறு குணத்தில் மூன்றாவதும் நான்காவதும், அதாவது மனித உழைப்பும் பழமையும், சேராது என்று அந்தச் சீன அறிஞர் நினைத்தாரே, இங்கே பழமை நிற்பதே உழைப்பின் மேல்தான். வருடா வருடம் நவம்பரில் ஒருவர் ஏணியில் ஏறாவிட்டால், நரியாசு விதைத்த மரத்தை நாங்கள் பார்த்திருக்க முடியாது. விதைத்தவர் பெயர் பலகையில் இருக்கிறது. கயிறு கட்டியவர்கள் பெயர் இல்லை. அந்த மேஸ்திரியின் பெயர்கூட எனக்கு இப்போது நினைவில்லை என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

நிலநடுக்கம் நடந்து ஒரு வாரம் கழித்து மகள் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பினாள். அங்கே இருக்கும் அவள் தோழி எடுத்ததாம். கராசாக்கி மரம், கயிறுகளின் மேல் வெள்ளையாகப் பனி. மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கி, கிளைகளுக்கு அடியில் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"நாம பார்த்தப்ப இருந்ததைவிட ஒரு கால் கூட வச்சிருக்காங்க போலிருக்கே" என்றாள்.